அணிவகுப்பில் பிறந்த அறம்

கேள்வி: ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘லாஃபுல் குட்’ (ஒழுங்கும் நன்மையும்), ‘கேயாட்டிக் ஈவில்’ (குழப்பமும் தீமையும்) என்றெல்லாம் ஒரு குணச்சார்பு குறிக்கிறார்களே, இந்த வழக்கம் எங்கே தோன்றிற்று? என் பாத்திரத்துக்கு அதை எவ்வாறு நிர்ணயிப்பது?

பதில்: 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் சேர்ந்து வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் விதிநூல், மேஜைமீது பொம்மை வீரர்களை நிறுத்தி இடைக்கால ஐரோப்பிய யுத்தங்களை நடத்திப் பார்ப்பதற்கென எழுதப்பட்டது. மந்திரவாதிகளும் டிராகன்களும் வரும் மாயப் போர்களுக்கும் அதன் பிற்பகுதியில் விதிகள் அமைந்தபோது, எந்தப் பிராணி எந்தச் சேனையில் நிற்கத் தகும் என்ற பிரச்னை எழவே, ஒழுங்கின் பக்கம், குழப்பத்தின் பக்கம், இரண்டிலும் சேராத நடுநிலை என மூன்று வரிசைகள் வகுக்கப்பட்டன. இந்தப் பாகுபாட்டுக்கு வித்து கதைகளில் இருந்தது. பவுல் ஆண்டர்சனின் ‘மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்’ என்ற நாவலில், ஒரு டென்மார்க் தேசத்து இஞ்சினீயர் ஒழுங்கும் குழப்பமும் பொருதும் மாய உலகத்தில் போய்ச் சேருகிறான். மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலோ அவ்விரண்டும் பிரபஞ்சத்துக்காகவே போராடும் மகாசக்திகளாக நிற்கின்றன.

1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தபோது, சேனைகளுக்கென்று ஏற்பட்ட முப்பிரிவு தனிப் பாத்திரத்தின் சுபாவத்தைக் குறிப்பதாயிற்று. ஆனால் ஒழுங்கையும் நன்மையையும் ஒன்றெனக் கொள்வதற்கு அது இடம் தந்தது. ஆகவே 1976 பிப்ரவரியில் ‘ஸ்ட்ராடஜிக் ரெவ்யூ’ பத்திரிகையில் கைகாக்ஸ் ஒரு கட்டுரை வரைந்து, ஒழுங்கும் குழப்பமும் ஒரு கோட்டின் இரு முனைகள், நன்மையும் தீமையும் அதைக் குறுக்கே வெட்டும் வேறொரு கோட்டின் முனைகள் என்று பிரித்துக் காட்டினார். 1978-இல் வந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ அதையே, இரு கோடுகளிலும் நடுநிலையையும் சேர்த்து, ஒன்பது சார்புகளாக விரித்துரைத்தது.

இந்த விளையாட்டு சிந்தனைக்கு அளித்த சிறந்த கொடை இந்தப் பிரிவினையே என்பது என் அபிப்பிராயம். பத்திரத்தில் எழுதிய ஓரெழுத்தும் பிசகாமல் கடன்பட்ட குடியானவனின் நிலத்தைப் பறித்துக்கொள்ளும் பிரபு சட்டத்துக்கு அடங்கியவன், எனினும் கொடியவன். அரசாணையை மீறிச் செல்வரிடம் கவர்ந்து ஏழைக்கு ஈயும் ராபின் ஹூட் சட்டத்துக்கு அடங்காதவன், எனினும் நல்லவன். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி அளக்க முற்பட்டால் இருவருக்குமே அநீதி செய்தவர்களாவோம்.

இந்த விளையாட்டின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த ஒன்பது சார்புகளைச் சுருக்கிற்று. 2014-இல் அவை மீண்டன. நான் ஒப்பாதது 1979-ஆம் ஆண்டு விதியைத்தான்: சார்பு மாறிய பாத்திரம் அனுபவத்தில் ஒரு படி இழக்க வேண்டும் என்றது அது. துன்பம் கண்டு மனம் திருந்துவதும், ஆசையால் வழுவுவதும் மனுஷ்ய இயல்பாயிருக்க, அதற்குத் தண்டனை விதிப்பது கதையின் உயிரையே வாட்டுவதாகும்.

எனவே, பெயரைத் தேர்ந்துகொண்டு அதற்கேற்பப் பாத்திரத்தை நடத்தாதீர்கள். தானே கொடுத்த வாக்கு தனக்கே கேடாய் முடியும்போது உங்கள் வீரன் என்ன செய்வான், கைம்மாறு செய்ய இயலாத அந்நியனுக்காக எதை இழக்கச் சம்மதிப்பான் என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை காணுங்கள். முன்னது ஒழுங்கின் கோட்டிலும் பின்னது நன்மையின் கோட்டிலும் அவன் இடத்தைக் காட்டிவிடும். விடை தெளியும்வரை, ஆட்டத்தை நடத்துபவரின் அனுமதி பெற்று, பாத்திரத்தின் குறிப்பேட்டில் சார்புக்குரிய இடத்தை நிரப்பாமலே விட்டுவையுங்கள்.