புயல் மலையேறாதா?



நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போனவர்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை தெரியும். கடல் கொந்தளித்தால் அங்கே படகு ஓடாது. எவ்வளவு அவசரமானாலும் சனம் கரையில் காத்திருக்கும். ஆபத்து அவர்கள் கண்முன்னே தெரிகிறது.

நாமோ, "புயலா? அது கடற்கரைக்காரங்களுக்கு. நம்ம மலைக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறோம். இது பிழையான நினைப்பு. 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய 'டித்வா' புயலால் நாட்டில் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதிக உயிர்கள் போனது கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலை மாவட்டங்களில்தான்.

காரணம் என்ன? தரைக்கு வந்ததும் புயலின் காற்று குறையும், மழை குறையாது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். குளிர்ந்து பெருமழையாகக் கொட்டும். தண்ணீர் ஊறி ஊறி மண்ணின் பாரம் கூடும், பிடிமானம் விட்டுப்போகும். பிறகு சரிவு முழுவதும் வழுக்கி இறங்கும். மண்ணை வெட்டிக் கட்டிய லயத்துக்குப் பின்னால் உள்ள மேடும், அடைபட்ட கானும் ஆபத்தைக் கூட்டும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

1. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு.
2. மரம், மின்கம்பம் சாய்தல்.
3. புதிதாக ஊற்று கிளம்புதல்; இருந்த ஊற்று திடீரென வற்றுதல் அல்லது கலங்குதல்.
4. கதவு, ஜன்னல் இறுகிப்போதல்.

ஒரே நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினால் உடனே வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் மேலே சொன்ன அடையாளம் தெரிந்தால் அறிவித்தலுக்கும் காத்திருக்க வேண்டாம். 117க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச் லைட் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு பையில் போட்டு வையுங்கள். எங்கே போவது என்பதைப் பகலிலேயே பேசி முடிவெடுங்கள். வயசானவர்களை யார் கூட்டிப்போவது என்பதையும் பேசுங்கள். "டீவி இருக்கு, ஆடு இருக்கு" என்று திரும்பி ஓடவே கூடாது.

குறிகட்டுவானில் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். நாம் லயத்துக்கு மேலே உள்ள மலையைப் பார்க்கப் பழகுவோம்.