கைகள் பேசும் பள்ளி

காவிரி வளநாட்டின் நடுவே அமைந்த கும்பகோணம் ஓசை நிறைந்த ஊர். விடியற்காலையில் கோயில் மணிகள் ஒலிக்கும். நாகசுரமும் தவிலும் அவற்றைத் தொடரும். பாத்திரப் பட்டறைகளில் பித்தளைத் தகட்டைத் தட்டும் ஒலி பகலெல்லாம் எழும். ஊரைக் கடந்தால் மதகில் நீர் விழும் இரைச்சலும், நாற்று நடும் மகளிரின் பேச்சும் காற்றில் மிதந்து வரும். இவ்வோசைகளின் நடுவே பிறந்தும், அவற்றுள் ஒன்றையும் கேளாமல் வளரும் குழந்தைகளும் உண்டு.

அத்தகைய குழந்தைக்கு நேரும் பெருந்துன்பம் யாது? ஓசையைக் கேட்க இயலாமையே என்று பலரும் விடை கூறுவர். அது முழு விடை அன்று. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தை தான் என்றும் அறியாத ஓசைக்காக ஏங்குவதில்லை. அது ஏங்குவது வேறொன்றுக்காக.

இரவு உணவின்போது வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து பேசுகின்றனர். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் நகைக்கின்றனர். குழந்தை தாயின் தோளைத் தொட்டு, “என்ன?” என்று கண்ணால் வினவுகிறது. தாய், “பிறகு சொல்கிறேன்” என்று கையை அசைக்கிறாள். அந்தப் பிறகு வருவதே இல்லை. ‘உண்’, ‘உறங்கு’, ‘வா’ என்பவை போன்ற சில குறிப்புகள் வீட்டில் உண்டு. அவற்றைக் கொண்டு சோறு கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம். ஒரு நாள் திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனார் மறைந்துவிட்டால், “தாத்தா எங்கே சென்றார்? எப்போது வருவார்?” என்று கேட்பதற்கு அக்குறிப்புகள் போதா. சுற்றத்தார் நிறைந்த வீட்டிலேயே அக்குழந்தை தனித்து நிற்கிறது. மொழி இல்லாமையே அதன் துன்பம்.

கும்பகோணத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தஞ்சாவூரில், காது கேளாதோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி நடைபெறுகிறது. தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலும் இத்தகைய பள்ளிகள் உண்டு. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் தங்குதற்கு விடுதிகளும் உண்டு. இந்நாட்டில் இவ்வகைப் பள்ளிகளின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. 1885இல் பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவிலும் பள்ளிகள் தோன்றின. 1897இல் பாளையங்கோட்டையில் பிளாரன்சு சுவெயின்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய அப்பள்ளி இன்று மேல்நிலைப்பள்ளியாக விளங்குகிறது.

தாயைப் பிரிந்து முதல் நாள் விடுதிக்கு வரும் குழந்தை அழுவது இயல்பு. ஆயினும் அழுகையின் நடுவே அது ஒரு புதுமையைக் காண்கிறது. முற்றத்தில் பிள்ளைகளின் கைகள் விரைந்து அசைகின்றன. புருவங்கள் உயர்கின்றன; முகங்கள் மலர்கின்றன. ஒருவன் கையால் ஏதோ கூற, பத்துப் பேர் நகைக்கின்றனர். அந்நகைப்பின் காரணத்தை யாரும் ‘பிறகு’ என்று ஒத்தி வைப்பதில்லை. சில திங்களில் புதிய குழந்தையின் கைகளும் அசையத் தொடங்கும். அதற்கு ஒரு சைகைப் பெயரும் கிடைக்கும். கன்னத்துக் குழி, சுருண்ட முடி, எப்போதும் சிரிக்கும் இயல்பு என ஏதேனும் ஒன்றைக் குறித்துத் தோழர்கள் வழங்கும் பெயர் அது. வீட்டார் இட்ட பெயரை ஒருகாலும் கேட்டறியாத குழந்தை, முதன்முதலாகத் தன்னை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதைக் காண்கிறது!

இப்பள்ளிகளின் கூட்டு வாழ்க்கைக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. தூரத்தில் இருப்பவரை அழைக்கக் கூவுவதில்லை. கையை வீசுவர், அல்லது தரையைத் தட்டி அதிர்வு எழுப்புவர். அறையில் உள்ள அனைவரையும் ஒருங்கே அழைக்க விளக்கை அணைத்து ஏற்றுவர். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியும்படி வட்டமாக அமர்ந்து பேசுவர். மேடையில் நன்றாக நடித்தவரைப் பாராட்ட இரு கைகளையும் உயர்த்தி அசைப்பர். மூத்த மாணவர் இளையோருக்குச் சைகை கற்பிப்பர். ஆசிரியர் கற்பிப்பது வகுப்பறையில். தோழர் கற்பிப்பது விடுதியில், உணவறையில், விளையாட்டு வெளியில்.

சைகை மொழி வெறும் கைக்குறிப்பு அன்று. அதற்கெனச் சொற்களும் இலக்கணமும் உண்டு. புருவத்தை உயர்த்துவதும் தலையைச் சாய்ப்பதும் அம்மொழியில் பொருள் வேறுபாட்டைக் காட்டும். அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்த வில்லியம் சுடோகோ என்னும் அறிஞர், பேச்சு மொழிகளைப் போலவே அதுவும் முறையான அமைப்புடைய மொழி என்பதை 1960இல் எடுத்துக்காட்டினார்.

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1880ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் செவிப்புலன் இல்லாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடிற்று. சைகையை விலக்கி, வாய்ப்பேச்சின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. தீர்மானித்தவருள் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். யாருக்காகத் தீர்மானம் இயற்றப்பட்டதோ, அவர்களுடைய கருத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அதன்பின் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். சைகை செய்த குழந்தைகளின் கைகளைக் கட்டி வைத்த பள்ளிகளும் இருந்தன. எனினும் மொழி அழியவில்லை. ஆசிரியர் காணாத இடங்களிலெல்லாம் பிள்ளைகள் அதனைப் பேசினர், இளையோருக்குக் கற்பித்தனர். நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து, 2010இல் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் கூடிய அம்மாநாட்டின் வழித்தோன்றலான பேரவை, பழைய தீர்மானத்தை மறுத்து வருத்தம் தெரிவித்தது.

கூடி வாழக் கற்றவர்கள் கூடிக் கேட்கவும் கற்றுக்கொண்டனர். அமெரிக்கத் தலைநகரான வாசிங்டனில் காது கேளாதோர்க்கெனக் கேலடெட் பல்கலைக்கழகம் உள்ளது. 1864இல் தொடங்கிய அந்நிறுவனத்திற்கு 124 ஆண்டுகளாகக் காது கேளாதவர் ஒருவரும் தலைவராக அமர்ந்ததில்லை. 1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள், மீண்டும் காது கேட்பவர் ஒருவரே தலைவராக அறிவிக்கப்பட்டார். மாணவர் கொதித்தெழுந்தனர். பல்கலைக்கழக வாயில்களை அடைத்தனர். நாடாளுமன்றக் கட்டடம் வரை அணிவகுத்துச் சென்றனர். ஒரு வாரத்திற்குள் புதிய தலைவர் பதவி விலகினார். காது கேளாதவராகிய கிங் சார்டன் அவ்விடத்தில் அமர்ந்தார். ஓசை கேளாத மாணவரின் குரல் அன்று உலகெங்கும் கேட்டது.

இந்தியாவிலும் இத்தகைய கோரிக்கைகள் எழுந்தன. சைகை மொழிக்கென 2011இல் அமைந்த ஒரு மையம் நிலைபெறாமல் நின்றுவிட்டது. காது கேளாதோர் சங்கங்கள் சோர்ந்துவிடாமல் தொடர்ந்து கேட்டன. அதன் பயனாக 2015இல் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் தில்லியில் நிறுவப்பட்டது. 2021இல் அம்மையம் வெளியிட்ட அகராதிப் பதிப்பில் 10,000 சொற்கள் இடம்பெற்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாத பிள்ளைகளுக்கு அவர்களுக்கு மிகப் பொருந்திய மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்கப்படவேண்டும் என்று கூறுகிறது. ஒரு காலத்தில் பரிவால் அளிக்கப்பட்டது இன்று உரிமையாகியுள்ளது. இரக்கம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமையோ கேட்பவரின் கையில் உள்ளது.

இக்காலத்தில் செவித்துணைக் கருவிகளும் அறுவை மருத்துவமும் பல குழந்தைகளுக்கு ஓசையை அறியும் வாய்ப்பை அளிக்கின்றன. பேச்சுப் பயிற்சியும் நடைபெறுகிறது. இவை போற்றத்தக்கன. ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் அவை ஒரே அளவில் பயன் தருவதில்லை. எவ்வழியால் ஆயினும் குழந்தைக்கு மொழி காலத்தில் கிட்ட வேண்டும் என்பதே முதன்மையானது.

விடுமுறை வருகிறது. விடுதிப் பிள்ளை ஊருக்குத் திரும்புகிறான். ஆடிப் பெருக்கன்று வீட்டார் அனைவரும் காவிரிக் கரைக்குச் செல்கின்றனர். அவன் புதுப்புனலைக் காட்டி, கைகளால் ஒரு சைகை செய்கிறான். “ஆறு” என்பது அதன் பொருள். தாய்க்கு விளங்கவில்லை. அவன் தாயின் கைகளைப் பற்றி, விரல்களை வளைத்து, அச்சைகையைச் செய்ய வைக்கிறான். தங்கை தானே கற்றுக்கொள்கிறாள். அன்றிரவு உணவின்போது எல்லோரும் நகைக்கின்றனர், அவன், “என்ன?” என்று வினவுகிறான். தங்கை தான் அறிந்த சில சைகைகளைக் கொண்டு அப்போதே தட்டுத் தடுமாறிச் சொல்கிறாள்.

‘பிறகு’ என்னும் சொல் அவ்வீட்டை விட்டு அகலத் தொடங்கிவிட்டது. பள்ளி கற்பித்த பாடங்களுள் தலைசிறந்தது அதுவே. அப்பாடத்தைக் கற்கவேண்டியவர் காது கேளாதோர் மட்டும் அல்லர். அவர்களோடு ஒரே தெருவில் வாழும் காது கேட்போரும் ஆவர்.