கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

போனில் எடுத்த படம் எடிட்டிங் டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகிறது, உதடும் வசனமும் ஒட்டவில்லை, புதுக் கம்ப்யூட்டருக்குக் காசில்லை, படத்தைக் கைவிடலாமா என்று கேட்டிருந்தாய். கைவிடாதே. இந்த இரண்டு தொல்லைக்கும் வேர் வறுமையில் இல்லை. போன் எப்படிப் பதிகிறது என்று தெரியாததில் இருக்கிறது.

போன் பதியும் எச்.264, எச்.265 வீடியோ எல்லாப் பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. இடம் மிச்சமாகிறது, ஆனால் நடுவில் ஒரு பிரேமைக் காட்ட, மென்பொருள் அக்கம்பக்கத்துப் பிரேம்களையும் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. திக்கல் அங்கிருந்துதான் வருகிறது. எனவே ப்ராக்ஸி எனும் எடை குறைந்த நகல்களை உருவாக்கி, அவற்றை வைத்து வெட்டு. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதற்கு வழி உண்டு. தரம் போய்விடுமே என்று அஞ்சாதே. எக்ஸ்போர்ட்டின்போது மூலக் காட்சியைத் தேர்ந்தால் நகலின் சாயல்கூட இராது.

உதட்டுச் சிக்கலும் இப்படித்தான். பல போன்கள் வெளிச்சத்துக்கேற்ப பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகின்றன. மென்பொருளோ ஒரே வேகம் என்று எண்ணிக்கொள்கிறது. விநாடிக்கு 30 என்று கணக்கிட்ட இடத்தில் 29.97 இருந்தாலே, பத்து நிமிடத்தில் 0.6 விநாடி விலகிவிடும். எடுத்த காட்சிகளை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்கு. இனி எடுக்கும்போது ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்; ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டு. முதல் தட்டு பொருந்தி இரண்டாவது பொருந்தாவிட்டால், எவ்வளவு விலகியது என்று அப்போதே தெரிந்துவிடும்.

'ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் எல் மரியாச்சி படத்தை எடுத்தபோது ஒலியைத் தனியாகத்தான் பதிந்தார். உதடு விலகிய இடத்தில் வேறு ஷாட்டுக்குத் தாவினார். எல்லாவற்றையும் எடிட்டிங்கில் சமாளிக்கலாமே' என்பாய். உண்மைதான். ஆனால் தாவுவதற்கு ஷாட் கையில் இருக்க வேண்டும் அல்லவா? குறையை முன்பே அறிந்தவனுக்கே அந்தத் தாவல் கைகூடும். 2015-இல் வெளியான டேஞ்சரின் படத்தை ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ்ஸில்தான் எடுத்தார். ஆனால் பிரேம் வேகத்தை 24-இல் பூட்டித்தரும் செயலியோடு எடுத்தார்.

நீயும் அப்படியே வேகத்தைப் பூட்டு; ஆனால் நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே 25 பிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் விளக்கு மினுக்காது. அடுத்த படத்துக்கு நாள் குறிக்குமுன் ஒரு நிமிடக் காட்சியை எடுத்து, ஒலி சேர்த்து, வெட்டி, எக்ஸ்போர்ட் வரை கொண்டுபோய்ப் பார். பிழை இருந்தால் ஒரு மாலைப்பொழுதுதான் போகும். எல்லாம் எடுத்தபின் தெரிந்தால், கூலி கேளாமல் நடிக்க வந்த நண்பர்களின் உழைப்பும் சேர்ந்து போகும்.

அன்புடன்,
அண்ணன்