கிணறும் கழிவுநீர்க் குழியும்

கிணற்று நீரைப் பருகும் நமக்கு யாழ்ப்பாணம் ஒரு பாடம் கற்பிக்கிறது.

கடல் சூழ்ந்த அத்தீபகற்பத்தில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்ததல்லவா? கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது விதி. ஆகவே அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறும்.

மழைநீர் இறங்கும் அதே வெடிப்புகளின் வழியே கழிப்பறைக் குழியின் நீரும் வயலுக்கிட்ட உரமும் இறங்குகின்றன. அதனால் அங்கே பல கிணறுகளில் நைட்ரேட் மிகுந்துவிட்டது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, உடல் நீலம் பாரிக்கும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது.

2024இல் அங்கே தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. காலடியில் இருந்த நன்னீர் போதாமல், கடலையே நாட வேண்டியதாயிற்று!

ஓர் ஊரில் எத்தனை வீடுகள் எழலாம் என்பதற்கு மனையின் பரப்பு மட்டும் அளவன்று. மண்ணுக்கடியிலுள்ள நீர் எவ்வளவு கழிவைத் தாங்கும் என்பதும் அளவே. புது வீடு கட்டும் பெற்றோரிடம் நாம் கேட்போம்: "கிணறு எங்கே? கழிவுநீர்க் குழி எங்கே?"