வரும் பருவத்தில் நம் பிள்ளை என்ன படிக்கும்?



அரையாண்டு விடுமுறை முடியப் போகிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிக்கு ஓர் ஆண்டில் மூன்று பருவம். வேறு பல மாநிலங்களில் இரண்டு பருவம். எந்த ஊரில் படித்தாலும் ஒன்று உண்மை. வரப்போவது கடைசிப் பருவம். அது முடிந்ததும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும். படிப்பும் கூடவே போகுமா? அதை நாம் பார்க்க வேண்டும்.

"எனக்கு என்ன தெரியும்? நான் இப்போதுதானே எழுத்துக் கூட்டுகிறேன்" என்று சொல்லாதீர்கள். இந்தப் பாடத்தை நீங்களே படிக்கிறீர்கள். அது போதும். உங்களால் முடியும்.

ஓர் அக்காவின் விரல்

எங்கள் மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். பகலில் சித்தாள் வேலை. இரவு ஏழு மணிக்குப் படிப்பு. அவர் மகள் மூன்றாம் வகுப்பு.

அக்காவுக்கு மகளைப் பற்றிப் பெருமை. புத்தகத்தை விரித்தால் மகள் கடகடவென்று படிப்பாள். அக்கா அடுப்படியில் இருந்தபடியே கேட்பார்.

மையத்தில் அக்கா எழுத்துக் கூட்டப் பழகினார். ஒரு நாள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மகள் படித்தாள். ஆனால் அவள் கண் புத்தகத்தில் இல்லை. கூரையைப் பார்த்தபடி படித்தாள்.

அக்கா பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். "இது என்ன கண்ணு?" என்று கேட்டார். மகள் விழித்தாள். முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள். அக்கா தானே கூட்டினார். "கு... ட... ம்... குடம்."

மகளுக்குப் பாடம் மனப்பாடம். படிக்கத் தெரியவில்லை.

அக்காவுக்குக் கோபம் வந்தது. கையை ஓங்கிவிட்டார். பிறகு கையை இறக்கினார். மறுநாள் மையத்தில் என்னிடம் சொன்னார். "எனக்கும் முதல்ல இப்படித்தானே இருந்துச்சு, தம்பி? நீங்க என்னை அடிச்சா சொல்லிக் கொடுத்தீங்க?"

நான் பேசவில்லை. அக்கா கேட்டதில் எல்லாம் இருந்தது.

எந்த வகுப்பில் என்ன வர வேண்டும்?

2021 ஜூலை மாதம் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் நிபுண் பாரத். மூன்றாம் வகுப்பு முடியும்போது எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் கணக்கும் நன்றாக வர வேண்டும். அதுதான் திட்டத்தின் நோக்கம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் அளவு சொல்லப்பட்டது. அதை இங்கே எளிதாகத் தருகிறோம்.

ஒன்றாம் வகுப்பு முடியும்போது:
நான்கு ஐந்து எளிய சொற்கள் உள்ள சிறு வாக்கியத்தைப் பிள்ளை படிக்க வேண்டும். அது முன்பு பார்க்காத வாக்கியமாக இருக்க வேண்டும். 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். சிறு கூட்டல், சிறு கழித்தல் செய்ய வேண்டும்.

இரண்டாம் வகுப்பு முடியும்போது:
ஒரு நிமிடத்தில் 45 முதல் 60 சொல் வரை பொருள் புரிந்து படிக்க வேண்டும். 999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். 99 வரை கழித்தல் வர வேண்டும்.

மூன்றாம் வகுப்பு முடியும்போது:
ஒரு நிமிடத்தில் குறைந்தது 60 சொல் பொருள் புரிந்து படிக்க வேண்டும். 9999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். எளிய பெருக்கல் கணக்குப் போட வேண்டும்.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை மிரட்ட வேண்டாம். தமிழில் நீளமான சொற்கள் நிறைய உண்டு. பிள்ளைக்குப் பொருள் புரிகிறதா? அதுதான் முதலில் முக்கியம்.

நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பாடம் பெரிதாகும். அரை, கால், முக்கால் என்று பின்னம் வரும். மீட்டர், கிலோ, லிட்டர் வரும். தண்ணீர், உணவு, செடி கொடி பற்றிய பாடம் வரும். எல்லாவற்றையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படிக்க வராத பிள்ளை அங்கே என்ன செய்யும்? கடைசி வரிசையில் போய்ச் சும்மா உட்காரும். பிறகு பள்ளிக்கே போக மாட்டேன் என்று சொல்லும். அதனால்தான் இந்தப் பருவம் முக்கியம்.

வீட்டில் பார்ப்பது எப்படி?

நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

1. விரல் வையுங்கள். முதல் வரியில் வைக்க வேண்டாம். நடுவில் வையுங்கள். பிறகு கடைசி வரியில் வையுங்கள். படத்தைக் கையால் மூடுங்கள். படத்தைப் பார்த்துச் சொல்வது படிப்பு ஆகாது.

2. புதிய எழுத்தைக் காட்டுங்கள். பஸ்ஸின் பெயர்ப் பலகை, ரேஷன் கடைப் பலகை, மளிகைப் பொட்டலம் கட்டிய தாள், எதுவும் ஆகும்.

3. ஒலி வேறுபாட்டைப் பாருங்கள். பல், பால். கொடு, கோடு. மனம், மணம். பல்லி, பள்ளி. நீங்களும் இதில் தடுமாறியவர்தானே? பல்லி சுவரில் இருக்கும். பள்ளியில் பிள்ளை இருக்கும். சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுங்கள். மறக்காது.

4. படித்ததைக் கேளுங்கள். "கதையில் யார் வந்தார்? என்ன செய்தார்?" பிள்ளை தன் சொந்தப் பேச்சில் சொல்லட்டும்.

5. எண் எழுதச் சொல்லுங்கள். "நானூற்று ஏழு" என்று சொல்லுங்கள். சில பிள்ளைகள் 4007 என்று எழுதும். நம் மையத்திலும் பலர் அப்படி எழுதினோம். 407 என்பதுதான் சரி. நடுவில் உள்ள சுழியம் "இங்கே பத்து ஒன்றும் இல்லை" என்று சொல்கிறது.

6. வீட்டுக் கணக்குக் கேளுங்கள்.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்: 12 வாழைப்பழம் இருந்தது. 5 பழம் தின்றோம். மீதி எத்தனை?
இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம்: 80 ரூபாய் இருந்தது. 35 ரூபாய்க்குக் காய் வாங்கினோம். மீதி எவ்வளவு?
மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்: வீட்டில் 5 பேர். ஆளுக்கு 4 இட்லி. மொத்தம் எத்தனை?
நான்காம் வகுப்புப் பிள்ளையிடம்: ஒரு கிலோ கத்தரிக்காய் 80 ரூபாய். கால் கிலோ என்ன விலை?

வரவில்லை என்றால்?

அடிக்க வேண்டாம். "மக்கு" என்று சொல்ல வேண்டாம். அந்தச் சொல் நம்மில் பலரைச் சிறு வயதிலேயே பள்ளியிலிருந்து விரட்டியது.

பள்ளிக்குப் போங்கள். ஆசிரியரைப் பாருங்கள். பயம் வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கல்வி பெற உரிமை உண்டு என்று அது சொல்கிறது. இன்னும் சில செய்திகளும் அதில் உண்டு.

பிள்ளையின் படிப்பு எப்படி இருக்கிறது என்று ஆசிரியர் பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும்.
பின்தங்கிய பிள்ளைக்குத் தேவையான அளவு கூடுதலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.
பிள்ளையை அடிக்கக் கூடாது.
அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள்.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போவது போலப் போக வேண்டாம். அவரும் பல பிள்ளைகளைப் பார்க்கிறார். இப்படிக் கேளுங்கள்: "சார், என் பிள்ளைக்கு எந்த எழுத்து வரவில்லை? இந்தப் பருவத்தில் என்ன பாடம்? வீட்டில் நான் என்ன செய்யட்டும்?"

நம் பங்கும் உண்டு. கதிர் அறுப்பு, திருவிழா, ஊர்ப் பயணம் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்த வேண்டாம். விட்ட பாடத்தைப் பிடிப்பது கடினம். இது நமக்குத் தெரியாததா?

அக்கா பள்ளிக்குப் போனார்

முன்பு அந்த அக்கா பள்ளிக்குப் போனால் வாசலோடு நிற்பார். கை நாட்டு வைத்துவிட்டு வந்துவிடுவார். இந்த முறை அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். டீச்சரைப் பார்த்து, விரல் வைத்த கதையைச் சொன்னார். டீச்சர் மகளுக்குத் தெரியாத எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெற்றோர் ஏட்டில் அக்கா கையெழுத்துப் போட்டார்.

இப்போது இரவில் தாயும் மகளும் ஒரே விளக்கில் படிக்கிறார்கள். சில நாள் மகள் திருத்துகிறாள். சில நாள் அம்மா திருத்துகிறார். மகள் இன்னும் திக்குகிறாள். ஆனால் கூரையைப் பார்ப்பதில்லை. புத்தகத்தைப் பார்க்கிறாள்.

விடை சொல்லுங்கள்

1. மகளுக்குப் படிக்க வரவில்லை என்று அக்கா எப்படிக் கண்டுபிடித்தார்?
2. இரண்டாம் வகுப்பு முடியும்போது எந்த எண் வரை வர வேண்டும்?
3. நானூற்று ஏழு என்பதை எண்ணில் எழுதுங்கள்.
4. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் எத்தனை பங்கு?

செய்து பாருங்கள்

இன்று இரவு உங்கள் பிள்ளையின் புத்தகத்தைத் திறங்கள். நடுப்பக்கத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வையுங்கள். பிள்ளை என்ன சொன்னது? நாளை மையத்துக்கு வரும்போது உங்கள் நோட்டில் இரண்டு வரி எழுதி வாருங்கள். பிள்ளை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். அதுவும் நம் பிள்ளைதான்.