குப்பைக்கு விலை வைத்தால் சுமப்பது யார்?

வருமானம் கூடக் கூட குப்பையும் கூடும். உலக வங்கியின் 2018 அறிக்கைப்படி, உலக மக்களில் 16 விழுக்காட்டினர் வாழும் பணக்கார நாடுகளில்தான் 34 விழுக்காட்டுக் குப்பை சேர்கிறது. அப்போ, அதிகம் போடுறவங்கதானே அதிகம் கட்டணும்?

தென்கொரியா 1995-இல் அதைத்தான் செய்தது. காசு கொடுத்து வாங்கிய பையில்தான் வீட்டுக் குப்பையைப் போடலாம். மறுசுழற்சிப் பொருள்களுக்குக் கட்டணம் இல்லை. ஓர் ஆள் ஒரு நாளில் போட்ட குப்பை பத்தாண்டுக்குள் சுமார் 1.3 கிலோவிலிருந்து 1 கிலோவாக இறங்கியது. அதே காலத்தில் பொருளாதாரம் வளர்ந்தது. ஆக, வளர்ச்சி என்றாலே குப்பை மலை என்று விதி இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. பைக்கு மாதம் 20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரிங்கிட் சம்பாதிக்கும் வீட்டுக்கு அது 0.13 விழுக்காடு, 1,500 ரிங்கிட் வீட்டுக்கு 1.3 விழுக்காடு. ஒரே விலை, பத்து மடங்கு பாரம்!

அதற்காகக் கட்டணத்தையே எடுத்துவிட்டால் குப்பை மறுபடி கூடிவிடும். கொரியாவின் பல நகராட்சிகள் அரசு உதவி பெறும் குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பைகளை இலவசமாகத் தருகின்றன. அதற்கு மேல் தேவைப்பட்டால் வாங்கணும். இதனால் பாரம் குறைகிறது. குப்பையைக் குறைக்கும் எண்ணமும் போகவில்லை.

கலந்துரையாடுவோம்:
1. நம் நாட்டில் குப்பைச் செலவு வீட்டின் மதிப்பீட்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பை போட்டாலும் பத்துப் பை போட்டாலும் அதே வரி. இது நியாயமா?
2. பைக்கு விலை வந்தால் நம்ம தாமானில் முதலில் திணறப்போவது எந்த வீடு?