நடுக்குவாத நோயினரும் அரசு உதவியும்

கை நடுங்கி, நடை தளர்ந்த ஒருவரைக் கண்டால், "வயதாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுவது கிராமங்களில் வழக்கம். ஆனால் அவர்களுள் சிலருக்கு வந்திருப்பது முதுமையன்று. பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதமாகும். மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இதற்குக் காரணம். மருந்து தொல்லையைக் குறைக்குமேயன்றி நோயை அகற்றாது.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்களே இடம் பெற்றிருந்தன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக்கிற்று. நடுக்குவாதமும் அவற்றுள் ஒன்று. பெரும்பாலான உதவிகளுக்கு, பாதிப்பு 40 விழுக்காட்டிற்குக் குறையாதென மருத்துவச் சான்று வேண்டும். இங்கேதான் பலர் இடறுகின்றனர்.

எமது வட்டாரத்துச் சிறு விவசாயி ஒருவர் காலையில் சட்டைப் பொத்தானையும் மாட்ட இயலாதவர். மாத்திரை உண்டபின் இரண்டு மணி நேரம் நன்றாக நடப்பார். அந்த வேளையில்தான் மருத்துவர் முன் நின்றார். கேட்டவற்றிற்கெல்லாம், "நானே செய்துகொள்வேன்" என்று மானத்தோடு விடையளித்தார். விழுக்காடு குறைந்தது, உதவி கிட்டவில்லை. உண்மையறிந்த மனைவியோ வெளியே காத்திருந்தார்.

ஆகவே, விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டியவை:

1. இரு வாரங்களுக்கு நாட்குறிப்பு எழுதுக. மாத்திரை உண்ட நேரம், கைகால் விறைத்த நேரம், விழுந்தது, பிறர் ஊட்டியது, உடுத்தியது யாவும் அதில் இருக்கட்டும்.

2. உடனிருந்து பேணுபவரை அழைத்துச் செல்க. மருத்துவச் சீட்டுகள் அனைத்தையும் கொண்டு செல்க.

3. நோயைக் காட்டுவதற்காக மாத்திரையை நிறுத்துதல் கூடாது. அஃது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தின் பயன் தீர்ந்த வேளையில் நேரும் நிலையை வாயால் எடுத்துரைத்தலே முறை.

4. சான்று மறுக்கப்படின் காரணத்தை எழுத்தில் பெறுக. 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

5. நோய் முற்றினால் மறுமதிப்பீடு கோருக. முதலில் கிடைத்த விழுக்காடே முடிவானதன்று.

விண்ணப்பம் தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளத்தில் பதிவாகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம்.

மேற்கூறிய விவசாயி, மறுமுறை நாட்குறிப்புடனும் மனைவியுடனும் சென்று சான்று பெற்றார். பஞ்சாயத்து உறுப்பினர்களே! உங்கள் வார்டில் கை நடுங்கும் பெரியவர் எவரேனும் வீட்டோடு முடங்கியிருக்கிறாரா? ஒருமுறை சென்று விசாரியுங்கள். உரிமையைக் கேட்பது இரத்தலாகாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வதும் கிராமப் பணியே.